எக்ஸ்எம்எல் உருமாற்றத்தில் பொதுத் தரவுச் சுட்டுகளைத் தீர்த்தல்: சங்க இலக்கியத் தரவகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இலக்கியத் தரவகங்களில் புலவர், புரவலர், ஊர், சுவடி முதலியன பற்றிய செய்திகள் ஓரிடத்தில் பொதுவாக வைக்கப்பட்டு, வேண்டிய இடங்களில் குறியால் சுட்டப்படுகின்றன. எக்ஸ்எம்எல் ஆவணங்களை நடைதாளைக் கொண்டு உருமாற்றும்போது இச்சுட்டுகள் தாமாகத் தீர்வதில்லை. அவற்றைத் தேடி இணைக்கும் கட்டளைகளை நடைதாளே கொண்டிருக்க வேண்டும். தேடல் தவறினால் பெரும்பாலும் பிழைச் செய்தி தோன்றுவதில்லை, வெற்றிடமே விளைகிறது. ‘பாடியவர் அறியப்படவில்லை’ என்பது இலக்கிய வரலாற்றுச் செய்தியாகவே உள்ள சங்க இலக்கியத்தில் இவ்வெற்றிடம் பொய்ச் சான்றாக மாறிவிடும். சுட்டுத் தீர்வின் வழிமுறைகளையும் அவற்றில் நேரும் வழுக்களையும் தமிழ் எழுத்துக் குறியாக்கத்தால் எழும் சிக்கலையும் சரிபார்ப்பு நெறிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எக்ஸ்எம்எல், எக்ஸ்எஸ்எல்டி, நடைதாள், சுட்டு, திறவி, சங்க இலக்கியம், ஒருங்குறி, தரவகம்

முன்னுரை

சங்கப் பாடல்கள் 2381; பெயர் அறியப்பட்ட புலவர்கள் 473 பேர்; பாடியவர் பெயர் அறியப்படாத பாடல்கள் 102 என்பது இலக்கிய வரலாற்று நூல்களில் வழங்கிவரும் கணக்கு. இம்மூன்று எண்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு பாடலுக்கும் அதைப் பாடிய புலவருக்கும் உள்ள இணைப்பு அறுந்தால் முதல் எண் மாறாது. மூன்றாம் எண் கூடிவிடும். அச்சுப் பதிப்பில் இத்தகைய அறுபாடு மெய்ப்புத் திருத்துவோர் கண்ணில் பட வாய்ப்புண்டு. கணினித் தரவகத்திலோ பல்லாயிரம் இணைப்புகள் நொடிப்பொழுதில் நிகழ்வதால் ஒன்றிரண்டு அறுந்திருப்பது எவர் கண்ணுக்கும் படாமல் போகலாம்.

இலக்கியப் பனுவல்களை மின்னாக்கம் செய்வோர் எக்ஸ்எம்எல் குறிமொழியைப் பரவலாகக் கையாளுகின்றனர். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதன் 1.0 பதிப்பை 1998 பிப்ரவரியில் பரிந்துரையாக வெளியிட்டது. எக்ஸ்எம்எல் ஆவணத்தை வலைப்பக்கமாகவோ அச்சுப்படியாகவோ சொல்லடைவாகவோ மாற்றுவதற்குரிய எக்ஸ்எஸ்எல்டி என்னும் உருமாற்ற மொழி 1999 நவம்பரில் வெளிவந்தது. ஸ்டைல்ஷீட் எனப்படும் நடைதாள் இம்மொழியில் எழுதப்படுவதாகும். இதன் 2.0 பதிப்பு 2007இலும் 3.0 பதிப்பு 2017இலும் வந்துள்ளன. எனினும் இணைய உலாவிகளில் உள்ளமைந்து கிடைத்தது 1.0 பதிப்பே ஆதலால், மூன்று பதிப்புகளுக்கும் ஏற்ற நடைதாள்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. சுட்டுகளைத் தீர்ப்பதில் இப்பதிப்புகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடுகள் உண்டு.

பொதுத் தரவும் சுட்டும்

ஔவையார் பெயரில் சங்க இலக்கியத்தில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என அவை நான்கு தொகைகளில் பரவியுள்ளன. ஒவ்வொரு பாடலின் அருகிலும் புலவர் பெயர், காலம், பாடப்பட்ட புரவலர் முதலிய செய்திகளை எழுதினால் ஒரே செய்தி 59 இடங்களில் இடம்பெறும். அவற்றுள் ஒன்றைத் திருத்தும்போது மற்ற 58ஐயும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் தரவகம் தனக்குள் முரண்படும். நூற்குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ என்பதையும் ‘மாறுகொளக் கூறல்’ என்பதையும் தமிழ் இலக்கண மரபு தனித்தனியே எண்ணுகிறது. தரவகத்தில் முன்னது பின்னதற்கு வழிவகுக்கிறது.

இதைத் தவிர்க்கப் புலவர் செய்திகள் தனிக் கோப்பில் ஒருமுறை மட்டும் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு புலவருக்கும் ஓர் அடையாளக் குறி தரப்படுகிறது:

<புலவர் குறி="பு-ஔவை-1">
  <பெயர்>ஔவையார்</பெயர்>
  <காலம்>சங்க காலம்</காலம்>
</புலவர்>

பாடல் கோப்பில் அக்குறி மட்டுமே இடம்பெறும்:

<பாடல் நூல்="குறுந்தொகை" எண்="23" பாடியோர்="பு-ஔவை-1">

உறுப்புகளுக்கும் பண்புகளுக்கும் தமிழ் எழுத்தில் பெயரிட எக்ஸ்எம்எல் விதிகள் இடந்தருகின்றன. ஆகவே மேற்கண்டவை முறையான எக்ஸ்எம்எல் தொடர்களே. நடைதாள் மொழியின் நிலைச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிலைப்படுத்தப்பட்டவை. இக்கட்டுரையில் அவை தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன. நடைமுறையில் அவற்றை மூல வடிவிலேயே எழுத வேண்டும்.

பெயரையே சுட்டாகக் கொள்ளாமல் குறியைக் கொள்வதற்கு இலக்கியக் காரணமும் உண்டு. சங்க கால ஔவையாரும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றைப் பாடிய பிற்கால ஔவையாரும் வேறானவர் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. பெயரைச் சுட்டாகக் கொண்டால் இருவரும் ஒருவராகிவிடுவர். மறுதலையாக, நக்கீரர், நக்கீரனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனப் பலவாறு வழங்கும் பெயர்கள் ஒருவரைக் குறிப்பனவா, பலரைக் குறிப்பனவா என்பது ஆய்வு முடிவைப் பொறுத்தது. குறி என்பது பெயரன்று. ‘இவர் இன்னார்’ என்று பதிப்பாசிரியர் செய்த முடிவின் அடையாளம். அம்முடிவுக்குரிய காரணத்தையும் மாற்றுக் கருத்தையும் பொதுக் கோப்பிலேயே பதிந்துவைக்கலாம்; முடிவு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

ஒரே ஆவணத்துக்குள் சுட்டைத் தீர்த்தல்

உருமாற்றி எனப்படும் மென்பொருள் எக்ஸ்எம்எல் ஆவணத்தைக் கணுக்களால் ஆன மரமாகக் கருதுகிறது. ஓர் உறுப்பும் அதன் உள்ளுறுப்பும் கிளைகளால் இணைந்திருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றை எளிதில் அடையலாம். பாடலுக்கும் புலவருக்கும் இடையே இத்தகைய கிளை இல்லை. ‘பு-ஔவை-1’ என்பது உருமாற்றிக்கு வெறும் எழுத்துச் சரமே. அது மற்றோர் உறுப்பைச் சுட்டுகிறது என்ற அறிவு அதற்கு இல்லை. அவ்வறிவை ஊட்ட மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, நேரடித் தேடல். பாடலும் புலவரும் ஒரே ஆவணத்தில் இருப்பதாகக் கொண்டால், தொடக்கநிலையில் பலரும் எழுதும் தொடர் இது:

//புலவர்[@குறி = @பாடியோர்]

இது படிப்பதற்குச் சரியாகத் தோன்றினும் எதையும் கண்டெடுக்காது. சதுர அடைப்புக்குள் நுழைந்தவுடன் சூழல் ‘பாடல்’ என்பதிலிருந்து ‘புலவர்’ என்பதற்கு மாறிவிடுகிறது. ஆகவே உருமாற்றி, புலவர் உறுப்பிலேயே ‘பாடியோர்’ என்னும் பண்பைத் தேடும். அங்கே அது இல்லை. எனவே நிபந்தனை எப்போதும் பொய்யாகும். பிழைச் செய்தியும் வராது. பாடலில் நிற்கும்போதே பண்பின் மதிப்பை ஒரு மாறியில் ஏற்றிக்கொண்டு, பிறகு தேடுவதே முறை:

//புலவர்[@குறி = $சுட்டு]

‘கரண்ட்’ என்னும் சார்பைக் கொண்டும் இதே பயனைப் பெறலாம். அடைப்புக்குள் சூழல் மாறினாலும், வார்ப்புரு எந்தக் கணுவில் செயல்படத் தொடங்கியதோ அதனை அச்சார்பு தரும்.

நேரடித் தேடலின் குறை அதன் உழைப்பு. பெயர் அறியப்பட்டோர் பாடிய 2279 பாடல்களுக்கும் 473 புலவர் பதிவுகளை ஒவ்வொரு முறையும் முழுமையாகத் தேடினால் 10,77,967 ஒப்பீடுகள் தேவைப்படும். சில உருமாற்றிகள் இதைத் தாமே சுருக்கிக்கொள்ளும். எல்லாம் அவ்வாறு செய்வதில்லை.

இரண்டாவது வழி ‘ஐடி’ சார்பு. எக்ஸ்எம்எல்லில் ஒரு பண்பைத் தனித்த அடையாளம் என ஆவண வகை வரையறையில் அறிவிக்கலாம். அவ்வாறு அறிவித்த பண்பின் மதிப்பைக் கொடுத்தால் ‘ஐடி’ சார்பு உரிய உறுப்பைத் தரும். ஆனால் வரையறை தனிக் கோப்பில் இருப்பின், சரிபார்க்கும் திறனற்ற பகுப்பி அதைப் படிக்காமலே விட்டுவிடலாம். விதிகள் அதற்கு இடந்தருகின்றன. அப்போது ஒரு கணினியில் சரியாகத் தீர்ந்த சுட்டு மற்றொரு கணினியில் வெற்றிடமாகும். வரையறை இன்றியே அடையாளத்தை உணர்த்தும் ‘எக்ஸ்எம்எல்:ஐடி’ என்னும் பண்பு 2005இல் பரிந்துரையாக வந்து இச்சிக்கலைக் குறைத்தது. இலக்கியப் பனுவல் குறியாக்கத்துக்கென 1987இல் தொடங்கிய டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ், 2007இல் வெளியிட்ட தன் ஐந்தாம் நெறிமுறையில் இப்பண்பையே மேற்கொண்டது. அந்நெறிமுறையில் சுட்டு வலை முகவரி வடிவில் ‘#’ குறியுடன் எழுதப்படும். அக்குறியை நீக்கிய பின்னரே அடையாளத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது நடைதாள் எழுதுவோர் மறக்கக்கூடாத ஒன்று. ஒரு சுட்டுப் பண்பில் இடைவெளிவிட்டுப் பல சுட்டுகள் இருக்கவும் கூடும். அவற்றைத் தனித்தனியே பிரித்துத் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது வழி ‘கீ’ எனப்படும் திறவி. இது நூலின் பின்னிணைப்பாக அமையும் சொல்லடைவைப் போன்றது. நடைதாளின் மேல்நிலையில் ஒருமுறை அறிவித்தால் போதும்:

<எக்ஸ்எஸ்எல்:கீ நேம்="புலவர்-திறவி" மேட்ச்="புலவர்" யூஸ்="@குறி"/>

இதன் பொருள்: ‘புலவர்’ உறுப்புகள் அனைத்தையும் அவற்றின் ‘குறி’ வழியே அடைவுபடுத்துக. பிறகு,

கீ('புலவர்-திறவி', $சுட்டு)

என்று கேட்டால் உரிய உறுப்பு கிடைக்கும். வழக்கமாக உருமாற்றிகள் அடைவை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு பாடலுக்கும் முழுக் கோப்பையும் தேட வேண்டியதில்லை. திறவிக்கு ஆவண வகை வரையறையும் தேவையில்லை. எந்தப் பண்பையும், உள்ளுறுப்பின் மதிப்பையும்கூடத் திறவியாக்கலாம். ஒரே கோப்பைக் குறியாலும் பெயராலும் ஊராலும் தனித்தனியே அடைவுபடுத்தவும் இயலும். இக்காரணங்களால் பொதுத் தரவுச் சுட்டுகளைத் தீர்ப்பதற்குத் திறவியே ஏற்ற கருவியாகிறது.

ஆவணம் கடந்த சுட்டு

நான்கு தொகைகளும் நான்கு கோப்புகளிலும் புலவர் செய்திகள் ஐந்தாம் கோப்பிலும் இருப்பதே நடைமுறை. வெளிக் கோப்பை அழைக்க 1.0 பதிப்பில் ‘டாகுமெண்ட்’ சார்பும், 2.0 முதல் அதனுடன் ‘டாக்’ சார்பும் உள்ளன. ஒரே முகவரியைப் பலமுறை அழைத்தாலும் ஒரே மரமே கிடைக்கும் என்று மொழி விதி உறுதி தருவதால், கோப்பைத் திரும்பத் திரும்ப அழைப்பதால் கேடில்லை.

இங்கே இரு வழுக்கள் நேர்கின்றன. முதல் வழு, திறவியின் எல்லை பற்றியது. 1.0 பதிப்பில் திறவி, சூழல் கணு எந்த ஆவணத்தில் உள்ளதோ அவ்வாவணத்தில் மட்டுமே தேடும். பாடல் கோப்பில் நின்றுகொண்டு புலவர் திறவியைக் கேட்டால், அங்கே புலவர் உறுப்புகள் இல்லையாதலால் வெற்றிடமே வரும். முதலில் சுட்டின் மதிப்பை மாறியில் ஏற்றி, ‘ஃபார்-ஈச்’ கட்டளையால் சூழலைப் புலவர் கோப்புக்கு மாற்றி, அதன் பின்னரே திறவியைக் கேட்க வேண்டும். 2.0 பதிப்பு திறவிச் சார்புக்கு மூன்றாம் உள்ளீட்டை அளித்து இச்சுற்றுவழியை நீக்கியது:

கீ('புலவர்-திறவி', $சுட்டு, டாக்('புலவர்கள்.எக்ஸ்எம்எல்'))

இரண்டாம் வழு, சார்பு முகவரி பற்றியது. கோப்பின் பெயரை நடைதாளில் சரமாக எழுதினால், அது நடைதாள் இருக்கும் இடத்தை அடிப்படையாகக் கொண்டு தேடப்படும். அதே பெயரைப் பாடல் கோப்பில் ஒரு பண்பாக எழுதி, அப்பண்புக் கணுவை ‘டாகுமெண்ட்’ சார்புக்குத் தந்தால், பாடல் கோப்பு இருக்கும் இடமே அடிப்படையாகும். நடைதாளும் பாடல் கோப்பும் ஒரே கோப்புறையில் உள்ளவரை இவ்வேறுபாடு புலப்படாது. தரவகம் வளர்ந்து அவை வேறு கோப்புறைகளுக்குப் பிரிக்கப்படும் நாளில்தான் வெளிப்படும். கோப்பு கிடைக்காதபோது பிழை அறிவிக்கவோ, வெற்றிடம் தந்து மேற்செல்லவோ 1.0 பதிப்பு உருமாற்றிக்கு உரிமை அளித்துள்ளது. எனவே இங்கும் அமைதியான தவறு நிகழ இடமுண்டு. 2.0 பதிப்பில் ‘டாக்-அவைலபிள்’ என்னும் சார்பால் கோப்பு உள்ளதா என முன்கூட்டியே வினவலாம்.

எக்ஸ்இன்க்ளூட் என்னும் நெறியால் பொதுக் கோப்பை ஒவ்வொரு பாடல் கோப்பிலும் முன்னதாகவே சேர்த்துவிடுவது மாற்று வழி. அப்போது எல்லாம் ஓர் ஆவணமாகித் தேடல் எளிதாகும். ஆனால் அவ்வாறு சேர்க்கப்பட்ட நான்கு கோப்புகளைப் பின்னர் ஒன்றாக இணைத்தால் ஒவ்வொரு புலவரும் நான்கு முறை தோன்றுவர். அடையாளத்தின் தனித்தன்மை கெடும். பல கோப்புகள் ஒரே பொதுத் தரவைப் பகிரும் இடங்களில் தனிக் கோப்பும் திறவியும் கொண்ட அமைப்பே பாதுகாப்பானது.

சுட்டு தவறும்போது நிகழ்வது

இதுவரை கூறிய வழுக்கள் அனைத்தும் வெற்றிடத்திலேயே முடிகின்றன. எக்ஸ்எஸ்எல்டியின் இயல்பு இது: தேடியது கிடைக்காவிட்டால் வெற்றுக் கணுத்தொகுதி; வெற்றுத் தொகுதியை எழுத்தாக்கினால் வெற்றுச் சரம். இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடிய உறுப்புகளைக் கொண்ட ஆவணங்களை இடையூறின்றி உருமாற்ற இவ்வியல்பு உதவுகிறது. சுட்டுத் தீர்வில் இதுவே தீங்காகிறது.

குறுந்தொகைக் கோப்பில் மட்டும் ஔவையார் குறி ஓர் எழுத்து மாறி உள்ளீடு செய்யப்பட்டதாகக் கொள்ளலாம். 15 பாடல்களின் சுட்டுகள் தீராது. புலவர் அடைவில் ஔவையாருக்கு 59க்கு மாறாக 44 பாடல்களே வரும். புலவர் பெயர் வெற்றிடமாக உள்ள பாடல்களை ‘பாடியோர் அறியப்படாதவை’ என எண்ணும் நிரலில் 102 என்பது 117 ஆகும். உருமாற்றம் வெற்றியுடன் முடிந்ததாகவே கணினி அறிவிக்கும். இவ்வெண்களை நம்பி எழுதப்படும் ஆய்வேட்டில் பெண்பாற் புலவர்களின் அகப்பாடல்கள் பற்றிய முடிவும் பிழைபடும்.

மிகைச் சுட்டும் குறைச் சுட்டுக்கு நிகரான தீங்கே. ஒரே குறி தவறுதலாக இரு புலவர்களுக்குத் தரப்பட்டிருந்தால் திறவி இரு உறுப்புகளையும் தரும். அவற்றை எழுத்தாக்கும்போது 1.0 பதிப்பு ஆவண வரிசையில் முதலாவதை மட்டும் அச்சிடும், 2.0 பதிப்பு இரண்டையும் இடைவெளியுடன் அச்சிடும். ஒரே நடைதாளைப் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி இயக்கியபோது பெயர்கள் இரட்டித்து வந்தால், புதிய பதிப்பு பழுதானதென்று கொள்ளக்கூடாது. முன்பே இருந்த தரவுப் பிழை அப்போதுதான் வெளிப்படுகிறது.

ஆகவே பாடலுக்கும் புலவருக்கும் இடையே நான்கு நிலைகளைத் தரவகம் பிரித்தறிய வேண்டும்:

1. புலவர் அறியப்பட்டவர்; சுட்டு சரியாக ஒரு பதிவை அடைகிறது.
2. புலவர் அறியப்படாதவர் என்பது பதிப்பாசிரியரின் முடிவு.
3. புலவர் யார் என்பது இன்னும் உள்ளீடு செய்யப்படவில்லை.
4. சுட்டு உள்ளது, ஆனால் அது எப்பதிவையும் அடையவில்லை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவற்றை அடைகிறது.

இரண்டாம் நிலைக்குப் பொதுக் கோப்பில் ‘பு-அறியப்படாதவர்’ என்ற குறியுடன் ஒரு பதிவையே உருவாக்கி, 102 பாடல்களிலும் அதைச் சுட்டுவது தெளிவான முறை. அப்போது ‘அறியப்படாமை’ வெற்றிடத்தால் அன்றி வெளிப்படையான சுட்டால் உணர்த்தப்படுகிறது. பண்பே இல்லாதிருப்பது மூன்றாம் நிலையை மட்டும் குறிக்கும். நான்காம் நிலை பிழை. அது வாசகரைச் சென்றடையக்கூடாது.

நடைதாளில் இதற்குக் காவல் அமைப்பது எளிது. திறவி தந்த உறுப்புகளை எண்ணி, எண்ணிக்கை ஒன்று அல்லாதபோது ‘மெசேஜ்’ கட்டளையால் பாடல் எண்ணையும் சுட்டையும் அறிவித்து உருமாற்றத்தை நிறுத்தலாம். 2.0 பதிப்பில் மாறியை அறிவிக்கும்போதே அது ‘புலவர்’ உறுப்பு ஒன்றை மட்டுமே கொள்ளும் என வகை குறிக்கலாம். அவ்வாறு குறித்தால், ஒன்றும் இல்லாதபோதும் ஒன்றுக்கு மேற்பட்டபோதும் உருமாற்றியே பிழை அறிவித்து நின்றுவிடும். ஒரு சிறு பண்பைச் சேர்ப்பதால் அமைதியான தவறு பேசும் தவறாகிறது.

பெயரே சுட்டாகும்போது: ஒருங்குறிச் சிக்கல்

பழைய தரவுக் கோப்புகளில் குறி இல்லாமல் பெயரே சுட்டாக இருப்பது இயல்பு. தமிழ்க் குறிகளைப் பயன்படுத்தும்போதும் இதே சிக்கல் எழும். உருமாற்றி எழுத்துகளின் தோற்றத்தை ஒப்பிடுவதில்லை. அவற்றின் குறியெண்களை ஒப்பிடுகிறது.

தமிழில் ‘கொ’ என்பதை இருவகையாகக் குறியாக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்துச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என்று கொள்கிறது. ஆயினும் இயல்பாக்கம் செய்யாமல் ஒப்பிட்டால் அவை வேறானவையே. எக்ஸ்பாத் 2.0இல் உள்ள ‘நார்மலைஸ்-யூனிகோட்’ சார்பு இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். 1.0இல் இச்சார்பு இல்லை. ஆதலால் உருமாற்றத்துக்கு முன்பே கோப்புகளை இயல்பாக்கிக்கொள்ள வேண்டும்.

ஔகாரச் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்து ஒரே குறியெண் கொண்ட ஔ. தட்டச்சுப் பழக்கத்தால் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ என எழுதுகின்றனர். பல எழுத்துருக்களில் இவை வேறுபாடின்றித் தோன்றும். ஒருங்குறித் தரத்தில் இவை நிகரானவை அல்ல. பின்னது ஒ, ள என்னும் இரண்டு எழுத்துகள். எனவே இயல்பாக்கச் சார்பும் இதைச் சரிசெய்யாது. மொழியறிவு கொண்டு தனியே திருத்தப்பட வேண்டிய பிழை இது. உயிர்மெய்யில் வரும் ஔகாரக் குறியிலும் இதே மயக்கம் உண்டு. முன்னர்க் காட்டிய 15 பாடல் இழப்பு இவ்வோர் எழுத்தால் நிகழக்கூடியதே.

சொல்லின் முன்னோ பின்னோ நிற்கும் வெற்றிடமும் ஒப்பீட்டைக் கெடுக்கும். ‘நார்மலைஸ்-ஸ்பேஸ்’ சார்பு அதை நீக்கும். இயல்பாக்கத்தைத் திறவி அறிவிப்பின் ‘யூஸ்’ பகுதியிலும் தேடும் சுட்டிலும் ஒருசேரச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் முன்பு பொருந்தியவையும் பொருந்தாமல் போகலாம். இத்தொல்லைகளைக் கருதி, சுட்டுகளில் மயக்கத்துக்கு இடமற்ற எழுத்துகளையும் எண்களையும் மட்டும் கொண்டு ‘பு001’ என்பது போன்ற குறிகளை அமைப்பது நன்று. அடையாளம் எண்ணில் தொடங்கக்கூடாது என்பது எக்ஸ்எம்எல் விதியாதலால் முன்னெழுத்து தேவைப்படுகிறது.

சரிபார்ப்பும் இருநிலை உருமாற்றமும்

ஆவண வகை வரையறை, ஓர் ஆவணத்துக்குள் உள்ள சுட்டு அதே ஆவணத்தில் உள்ள அடையாளத்தை அடைகிறதா என்பதை மட்டுமே சோதிக்கும். கோப்பு கடந்த சுட்டு அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதற்கு ஸ்கீமாட்ரான் என்னும் விதிமொழி ஏற்றது. ‘ஒவ்வொரு பாடலின் சுட்டுக்கும் புலவர் கோப்பில் சரியாக ஒரு பதிவு இருத்தல் வேண்டும்’ என்ற விதியை அதில் எழுதி, உள்ளீடு செய்யும்போதே சோதிக்கலாம்.

உருமாற்றத்தையும் இரு நிலைகளாகப் பிரிப்பது பயன் தரும். முதல் நடைதாள் சுட்டுகளைத் தீர்த்து, புலவர் செய்திகள் உரிய இடங்களில் நிரம்பிய ஆவணத்தை மட்டும் உருவாக்கும். இரண்டாம் நடைதாள் அதனை வலைப்பக்கமாகவோ அடைவாகவோ வடிவமைக்கும். தீர்த்தலும் வடிவமைத்தலும் கலந்திருக்கும் நடைதாளில் வெற்றிடம் எங்கிருந்து வந்தது என்று அறிவது கடினம். பிரித்தால் இடைநிலை ஆவணத்தை எண்ணிச் சோதிக்க இயலும்: பாடல்கள் 2381 ஆக உள்ளனவா, அறியப்படாதவர் எனச் சுட்டப்பட்டவை 102 ஆக உள்ளனவா, தீராச் சுட்டு ஒன்றும் இல்லையா என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே அடுத்த நிலைக்குச் செல்லலாம். இலக்கிய வரலாறு தந்த எண்கள் இங்கே கணினிப் பணிக்கு உரைகல்லாகின்றன. எண்கள் மாறுபட்டால், மாறுபாடு ஆய்வு முடிவால் வந்ததா, அறுந்த சுட்டால் வந்ததா என்பதைப் பிரித்துக் காட்டவும் முடியும்.

முடிவுரை

பொதுத் தரவை ஒருமுறை எழுதிப் பலமுறை சுட்டுவது முரண்பாட்டைத் தவிர்க்கிறது. ஆனால் சுட்டு என்பது இணைப்புக்கான வாக்குறுதி மட்டுமே. அதை நிறைவேற்றுவது நடைதாள். திறவியைப் பயன்படுத்துதல், சூழல் மாற்றத்தை உணர்தல், வெளிக் கோப்பின் முகவரி எதை அடிப்படையாகக் கொள்கிறது என்பதை அறிதல், ஒருங்குறி இயல்பாக்கம் செய்தல் ஆகியவை அதற்குரிய தொழில்நுட்ப நெறிகள். இவற்றுக்கும் மேலாக, அறியப்படாமையும் தீராச் சுட்டும் ஒரே வெற்றிடமாகத் தோன்றாதவாறு தரவை வடிவமைப்பது பதிப்பாசிரியரின் பொறுப்பு. சுவடியில் சிதைந்த இடத்தைச் சிதைவு என்று குறித்துக் காட்டுவது பதிப்பு மரபில் நிலைத்த நெறி. சிதைவையும் மூலத்தில் இல்லாமையையும் நல்ல பதிப்பாசிரியர் ஒன்றெனக் கொள்வதில்லை. மின்பதிப்பில் அந்நெறியைக் காக்குமிடம் நடைதாள். ஆகவே நடைதாளும் பொதுத் தரவுக் கோப்பும் பனுவலோடு சேர்த்து வெளியிடப்படுவதும், ஆய்வாளரின் மதிப்பீட்டுக்கு உட்படுத்தப்படுவதும் தேவை.